போலீஸாரும் மலைவாழ் மக்களும்

மலைவாழ் மக்கள் போலீஸாரைக் கண்டு அஞ்சுவது காரணமற்றதன்று. 1992-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி, தருமபுரி ஜில்லாவில் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்தியில், சந்தனக்கட்டை தேடுவதாகப் புகுந்த வனத்துறை, போலீஸ், ரெவினியூ உத்தியோகஸ்தர்கள் குடிகளை அடித்தனர், வீடுகளைச் சூறையாடினர், 18 பெண்களைப் பலாத்காரம் செய்தனர். 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி, செம்மரம் வெட்டச் சென்றதாகக் கூறப்பட்ட தமிழர் 20 பேர், திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டில் ஆந்திர அதிரடிப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜவ்வாது மலையினரும் அவர்களுள் அடங்குவர்.

ஆயினும் அஞ்சி ஒதுங்குதல் அநீதிக்கே துணையாகும். வாச்சாத்தி மக்கள் ஒதுங்கினாரல்லர். சாட்சி சொல்லி விடாது வழக்காடினர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கும் 2011-இல் தண்டனை விதிக்கப்பட்டது. 2023-இல் சென்னை ஐகோர்ட்டு அதனை உறுதி செய்தது. சட்டம் போலீஸாரையும் கட்டுப்படுத்தும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

ஆதலின் ஒவ்வொருவரும் சட்டத்தைச் சிறிதேனும் அறிதல் நலம். கைதானவருக்குக் காரணம் கூறப்படவேண்டும். உறவினருக்குத் தகவல் தரவேண்டும். பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைக்கவேண்டும்.

தனியே ஸ்டேஷன் வாசற்படியை மிதிக்கக் குடியானவர் தயங்குவார். எழுதத் தெரிந்த அங்கத்தினர் இருவர் உடன் சென்றால் அத்தயக்கம் நீங்கும். நேர்மையான உத்தியோகஸ்தருக்கும் வேலை எளிதாகும். கூலித்தரகன் நீட்டும் முன்பணத்தை மறுக்கத்தக்க கடனுதவியைச் சங்கம் காலத்தில் அளிக்குமாயின், காட்டில் உயிரிழக்கும் அவலமும் குறையும்.