சவுதார் குளமும் நகராட்சித் தீர்மானமும்

(சட்ட மாணவர்களிடையே ஆற்றிய உரையிலிருந்து)



வக்கீல் ஆகி ஊருக்கு என்ன செய்ய முடியும்னு கேட்டீங்க. பாபாசாகேப் அம்பேத்கர் சம்பந்தப்பட்ட ஒரே ஒரு வழக்கைச் சொல்றேன். அதில் அவர்தான் முதல் பிரதிவாதி.

1923இல் அவர் பம்பாயில் வக்கீல் தொழிலைத் தொடங்குகிறார். அந்த ஆகஸ்டில்தான் பம்பாய் சட்டமன்றம் போலே கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்கிறது: பொதுப் பணத்தில் பராமரிக்கும் கிணறு, குளம், சத்திரம் எல்லாம் தீண்டப்படாதாருக்கும் திறக்க வேண்டும். மகாட் நகராட்சியும் 1924இல் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. போட்டதோடு சரி. மூணு வருஷம் ஒரு சொட்டு அள்ள முடியல. (உங்க ஊர் பஞ்சாயத்துத் தீர்மான நோட்டைப் புரட்டிப் பாருங்க, இதுமாதிரி எத்தனை தூங்குதுன்னு தெரியும்.)

1927 மார்ச் 20 அன்று ஊர்வலமாகப் போய்க் குளத்தில் இறங்கினார்கள். அடி விழுந்தது. பிறகு சாதி இந்துக்கள் 108 பானை தண்ணீரை இறைத்துக் கொட்டி, பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். மாடு குடித்தபோது படாத தீட்டு! ஆகஸ்டில் நகராட்சியே தன் தீர்மானத்தை ரத்து செய்தது. நம்மாள் உள்ளே இல்லாத நகராட்சி கொடுக்கவும் செய்யும், பிடுங்கவும் செய்யும்.

டிசம்பரில் மறுபடி போகத் தயாரானபோது சாதி இந்துக்கள் சிவில் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போகவும் தயாராக மகாடில் கூடியிருக்கிறார்கள். பாபாசாகேப் சத்தியாக்கிரகத்தை ஒத்திவைத்தார். டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதி எரிந்தது, ஆனால் குளத்தில் யாரும் இறங்கல. இதைப் பின்வாங்கல்னு சொல்றவங்க உண்டு. நான் ஒத்துக்க மாட்டேன். எதிரி சாதி இந்து. தடையை மீறியிருந்தால் சர்க்காரும் போலீசும் அவன் பக்கம் சேர்ந்திருக்கும். கூட்டத்தைக் கிளப்பத் தெரிந்தவர்கள் நிறைய. கிளம்பிய கூட்டத்தை நிறுத்தி, காரணத்தையும் விளக்கி, அதன் நம்பிக்கையை இழக்காமல் இருப்பது வேற வேலை.

அப்புறம் வாய்தா. கீழ்க்கோர்ட்டு, அப்பீல், கடைசியில் பம்பாய் உயர்நீதிமன்றம். குளம் தங்களுக்கே உரியது, அனாதிகாலப் பழக்கம் என்பது சாதி இந்துக்கள் வாதம். குளம் நகராட்சிக்குச் சொந்தம், அந்தப் பழக்கம் அனாதிகாலத்தது என்று அவர்கள் நிரூபிக்கவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. அவ்வளவுதான், தீண்டாமை தப்புன்னு அது சொல்லல. சாட்சியம் போதலன்னுதான் சொன்னது. அந்த ஓட்டை வழியாகத்தான் நம்ம ஜனங்க குளத்துக்குள்ள போகணும்னா, ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் நமக்கு வேணும்.

தீர்ப்பு வந்த நாள் 1937 மார்ச் 17. முதல் கை தண்ணீர் அள்ளிப் பத்து வருஷம் ஆக மூணு நாள் பாக்கி.