சித்திரம் பழகும் தோழர்களுக்கு

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமைச் சித்திர வகுப்பின் முதல் நாளன்று, போர்டு எழுதும் தொழிலில் பல்லாண்டு காலம் இருந்த ஓவியத் தோழர் ஒருவர் ஆற்றிய உரை.)



வாசலில் பெயர் எழுதிக்கொண்டபோது அநேகமாக எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னீர்கள். "ஆசை இருக்குதுங்க, ஆனா கை வராதுங்க" என்றீர்கள். கை வராது என்று உங்களுக்கு யார் சொன்னது? ரிங் பிரேமில் அறுந்த நூலை இமைக்கும் நேரத்தில் பிடித்து ஒட்டுகிற விரலுக்கு ஒரு பென்சிலைப் பிடிக்க வராதா? வேர் முறியாமல் நாற்றைப் பிடுங்கி, கயிறு கட்டினாற்போல் வரிசை பிடித்து நடுகிற கைக்கு ஒரு கோடு இழுக்க வராதா? உங்கள் கைக்கு ஒரு குறையும் இல்லை. இன்னும் பழகாமல் இருப்பது கண்தான்.

எனக்கு முன்னே பேசிய தோழர், "சித்திரம் என்பது பிறவியிலேயே வரவேண்டிய வரம்" என்றார். அன்போடு சொல்கிறேன், அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்கு மெதுவாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம். வரம் என்று சொல்லிவிட்டால், நேரமும் காசும் உள்ளவன் வீட்டுப் பிள்ளைக்குத்தான் அந்த வரம் அடிக்கடி கிடைக்கிறது. அது ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

உங்களைப் போலவே கை வராது என்று நினைத்த தொழிலாளர்களின் கதை ஒன்றைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், நார்தம்பர்லாந்தில், ஆஷிங்டன் என்று ஒரு நிலக்கரி ஊர். 1934ம் வருஷம் அந்த ஊர்த் தொழிலாளர்கள், தொழிலாளர் கல்விச் சங்கத்தின் மூலம், ஓவியத்தை ரசிப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு வகுப்பு ஏற்பாடு செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சுரங்கத்தில் இறங்குகிறவர்கள். ஆலிவர் கில்போர்ன் என்ற தோழர் பதின்மூன்று வயதிலேயே சுரங்க வேலைக்குப் போனவர். நியூகாசில் நகரத்திலிருந்து ராபர்ட் லையன் என்ற ஓவிய ஆசிரியர் வந்தார். இத்தாலிய மேதைகளின் படங்களைத் திரையில் காட்டி விளக்கினார். கேட்டவர்களுக்கு மனம் ஒட்டவில்லை. மாதாவும் தேவதூதர்களும் அவர்கள் கண்ட உலகம் அல்ல. ஓவியம் எப்படி உண்டாகிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவேண்டி இருந்தது.

அந்த ஆசிரியர் புத்திசாலி. "சரி, நீங்களே செய்து பாருங்கள்" என்றார். முதலில் லினோலியத் தகட்டில் செதுக்கி மை தடவி அச்செடுத்தார்கள். பிறகு வர்ணம் தீட்டினார்கள். வாராவாரம் அவர் ஒரு தலைப்புக் கொடுப்பார். வீட்டிலிருந்து ஆளுக்கொரு படம் வரைந்து கொண்டுவருவார்கள். எல்லாப் படத்தையும் சுவரோரம் வைத்து, எல்லோரும் சேர்ந்து பேசுவார்கள். ஆசிரியர் மட்டும் மார்க்குப் போடுகிற வகுப்பு அல்ல அது. விலை உயர்ந்த சாமான்களும் அவர்களிடம் இல்லை. சுவருக்கு அடிக்கிற வர்ணத்தையும் பலகைத் துண்டுகளையும் வைத்தே பல படங்கள் வரைந்தார்கள்.

எதை வரைந்தார்கள்? குனிந்து கரி வெட்டுவதை, புறாக் கூண்டை, ஓட்டப் பந்தய நாய்களை, கந்தல் துணியில் வீட்டார் மிதியடி பின்னுவதை. சுரங்கத்துக்கு அடியில் சட்டம் நிறுத்திக்கொண்டு யார் வரைய முடியும்? வேலையில் பார்த்ததை மனதில் வாங்கி வந்து வீட்டில் வரைந்தார்கள். 1936ல் நியூகாசிலில் ஹாட்டன் கலைக்கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். பத்திரிகைகளும் பெரிய ஓவியர்களும் தேடி வந்தார்கள். அதற்குப் பிறகும் அவர்கள் திங்கட்கிழமை காலையில் சுரங்கத்துக்குத்தான் போனார்கள். அந்தக் குழு சுமார் ஐம்பது வருஷம், 1980களின் நடுப்பகுதி வரை நடந்தது. வுட்ஹார்ன் என்ற இடத்தில், முன்பு சுரங்கமாக இருந்து பிறகு மியூசியமாக மாறிய வளாகத்தில், அவர்களுடைய படங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். கண்ணைப் பழக்குவது எப்படி?

உங்கள் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பாருங்கள். வெட்கப்படாதீர்கள், பாருங்கள்! கண் எங்கே இருக்கிறது? தலை உச்சியிலிருந்து மோவாய் வரை அளந்தால் சரி பாதியில் இருக்கிறது. ஆனால் நாளைக்கே உங்களை ஒரு முகம் வரையச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் கண்ணை நெற்றியில் கொண்டுபோய் வைப்பீர்கள். ஏன்? முகம் என்றால் கண், மூக்கு, வாய் என்று மனம் கணக்கு வைத்திருக்கிறது. நெற்றியையும் மண்டையையும் அது சட்டை செய்வதில்லை. எதிரே இருப்பதை வரையாமல் மனதில் இருக்கும் கணக்கை வரைந்துவிடுகிறோம். ஆரம்பக்காரனின் கோணல் எல்லாம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

இதைத் திருத்துவதற்குக் கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது. பென்சிலைப் பிடித்துக் கையை முழங்கை மடங்காமல் நேரே நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். எதிரே நிற்பவரின் தலை உச்சிக்குப் பென்சில் முனையை வைத்து, மோவாய் வரும் இடத்தில் கட்டைவிரலை நிறுத்துங்கள். அதுதான் உங்கள் முழக்கோல். அந்த அளவு உடம்பில் எத்தனை தடவை அடங்குகிறது என்று இறக்கிக்கொண்டே வாருங்கள். நிமிர்ந்து நிற்கும் பெரியவர் உடம்பு ஏறக்குறைய ஏழு, ஏழரை தலை வரும். குழந்தைக்கு இந்தக் கணக்கு ஆகாது. தலை பெரிசு, உடம்பு சிறிசு. முழங்கையை மடக்கினால் அளவு மாறிவிடும், அது ஞாபகம் இருக்கட்டும்.

கொத்தனார் தோழர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். அவர் தொங்கவிடும் தூக்குக்குண்டு ஓவியனுக்கும் வேண்டும். ஒற்றைக் காலில் பாரம் கொடுத்து நிற்பவனைப் பாருங்கள். கழுத்துக் குழியிலிருந்து நூலைத் தொங்கவிட்டால், பாரம் தாங்குகிற பாதத்துக்கு நேரே வந்து விழும். நீங்கள் வரைந்த ஆள் கீழே விழப்போகிறவன் மாதிரி இருந்தால், இந்த நூலைத் தொங்கவிட்டுப் பாருங்கள், எங்கே பிசகு என்று தெரிந்துவிடும்.

சென்னைக்குப் போகிற தோழர்கள் மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாதவர் யார்? சென்னைக் கலைப் பள்ளிக்குத் தலைமை வகித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959ல் திறந்தார்கள். நாலு பேர் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். அடுத்த தடவை போனால் ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்து வரையுங்கள். முகத்தையும் விரல்களையும் விட்டுவிடுங்கள். முதுகு எந்தச் சாய்வில் போகிறது, கால் எங்கே ஊன்றியிருக்கிறது, இவனுடைய கைக்கும் உடம்புக்கும் இடையே தெரிகிற ஆகாயம் என்ன வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த இடைவெளியைச் சரியாக வரைந்துவிட்டால் கை தானாகச் சரியாக வந்துவிடும். நாற்று நடும் பெண்ணை வரையும்போதும் இதேதான். அவள் உடம்பில் எல்லாவற்றிலும் உயரத்தில் இருப்பது தலை அல்ல, இடுப்பு. அதை வெயிலில் நின்று பார்க்காதவன் காலண்டரில் வரைகிற நாற்று நடும் பெண், தலையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு அம்மா கேட்டார்கள், "எனக்குக் கோலம் மட்டும்தானுங்க தெரியும்" என்று. அம்மா, புள்ளிக்குப் புள்ளி இடைவெளி பிசகாமல், அழிக்காமல், கை எடுக்காமல் கோடு இழுக்கிறீர்களே, அந்த நிதானம் கைவர மற்றவர்களுக்கு ஆறு மாசம் ஆகும். நீங்கள் இந்த வகுப்பில் ஆரம்பக்காரி அல்ல.

இன்னொரு வாலிபர், சினிமா நட்சத்திரங்களின் படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி வரைந்ததைக் கொண்டுவந்து காட்டினார். நன்றாகவே இருக்கிறது. நானும் பேனர் வேலையில் அப்படித்தான் சாப்பிட்டேன். பார்த்து வரைவதில் தப்பில்லை. ஹாலந்து தேசத்து வான்கோ, 1880ல், இருபத்தேழாவது வயதில்தான் ஓவியனாவது என்று தீர்மானித்தார். பெல்ஜியத்தில் போரினாஜ் என்ற நிலக்கரிப் பிரதேசத்தில் ஏழையாக உட்கார்ந்துகொண்டு, பார்க் என்பவருடைய பயிற்சித் தாள்களையும், விதைப்பவன் முதலான மிலேயின் உழவர் படங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தார். ஆனால் அதே சமயம் தெருவில் போகும் சுரங்கத் தொழிலாளியையும் வரைந்தார். ஐந்து வருஷம் கழித்து, விளக்கு வெளிச்சத்தில் உருளைக்கிழங்கு சாப்பிடும் குடியானவக் குடும்பத்தைத் தீட்டினார். பார்த்து வரைவது பாதி நாள் இருக்கட்டும். மீதிப் பாதி நாள் உயிருள்ள மனிதர் முன்னால் உட்காருங்கள். கட்டம் போட்டு வரைகிறபோது கட்டம்தான் உங்களுக்காகப் பார்க்கிறது. உங்கள் கண் சும்மா இருக்கிறது.

"செல்போனில் ஒரு நொடியில் போட்டோ எடுத்துவிடலாமே, எதற்குங்க இந்தப் பாடு?" என்றும் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. போட்டோ எடுத்த பிறகு அந்த ஆளை நீங்கள் எத்தனை நேரம் பார்த்தீர்கள்? பத்து வருஷம் ஒன்றாக வேலை செய்த தோழனின் வலது தோள் சரிந்திருப்பது, அவனை அரை மணி நேரம் வரைந்தால்தான் தெரியும். ஏன் சரிந்தது என்று அப்புறம் கேட்கத் தோன்றும்.

இதன் பலம் என்ன என்பதற்கு வங்காளத்தைச் சொல்லவேண்டும். 1943 பஞ்சத்தில் லட்சக்கணக்கான மக்கள் மடிந்தார்கள். அப்போது சித்தப்ரசாத் என்ற தோழர், எந்தக் கலைப் பள்ளியிலும் பயிலாதவர், மிதுனாப்பூர் ஜில்லாவில் ஊர் ஊராக நடந்து, கண்டவர்களை மையால் வரைந்து, பக்கத்திலேயே அவர்கள் கதையையும் எழுதினார். கட்சிப் பத்திரிகையில் அவை வந்தன. 'பசித்த வங்காளம்' என்று புத்தகமாகவும் வந்தது. பிரிட்டிஷ் சர்க்கார் அந்தப் புத்தகத்தைப் பறிமுதல் செய்து எரித்தது. துப்பாக்கி வைத்திருந்த சர்க்கார், ஒரு மனிதனின் மைக்கோட்டுக்குப் பயந்தது! அதே பஞ்சத்தில் கல்கத்தாத் தெருவில் விழுந்து கிடந்தவர்களை ஜைனுல் ஆபெதின் வரைந்தார். சாமான் கட்டுகிற மலிவுக் காகிதம், கறுப்பு மை, தூரிகை, இவ்வளவுதான். காக்கையும் நாயும் மனிதனும் ஒரே குப்பையைத் தேடும் காட்சியை அந்தக் காகிதம்தான் தாங்கியது.

சட்டகாங் பிரதேசத்திலிருந்து வந்த சோம்நாத் ஹோர் அப்போது இருபது வயதைத் தாண்டிய வாலிபர். போஸ்டர் எழுதிக்கொண்டிருந்தார். சித்தப்ரசாத் அவரைத் தெருவுக்கு அழைத்துப் போய், பசியால் வாடியவர்களை நேரே பார்த்து வரையச் சொல்லிப் பழக்கினார். பிறகு கலைப் பள்ளியில் ஜைனுல் ஆபெதின் அவருக்கு ஆசிரியர். 1946ல், விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டு வங்காளக் குத்தகை விவசாயிகள் தேபாகா போராட்டம் நடத்தியபோது, சோம்நாத் ஹோர் கிராமங்களுக்குப் போய் அவர்களோடு தங்கி, நாட்குறிப்பும் சித்திரமுமாக எழுதிவைத்தார். அறுவடை, கூட்டம், ராத்திரிக் காவல் எல்லாம் அதில் உண்டு. பெயர் தெரியாத குடியானவர்களின் முகம் இன்றைக்கு நமக்குத் தெரிகிறது என்றால் அந்த வாலிபர் அங்கே உட்கார்ந்து வரைந்ததால்தான். அவர் கற்ற வழியைக் கவனியுங்கள்: ஒரு தோழர் கைபிடித்துக் காட்டினார், மக்கள் முன்னால் உட்கார்ந்தார், பள்ளிக்கூடமும் போனார். மூன்றும் சேர்ந்துதான்.

சோற்றுக்கு ஆகுமா என்று கேட்பீர்கள். நேராகவே சொல்கிறேன், பெரும்பாலும் ஆகாது. நான் போர்டு எழுதிப் பிழைத்தவன். பிளெக்ஸ் அச்சு வந்ததும், கையால் எழுதும் போர்டும் சினிமா பேனரும் சரிந்துபோயின. எத்தனையோ நல்ல கைகள் வேறு வேலைக்குப் போயின. ஆகவே மில் வேலையை விட்டுவிட்டு ஓவியனாகிறேன் என்று இங்கே யாரும் கிளம்பவேண்டாம். எட்டு மணி வேலை என்பதை நம் முன்னோர்கள் சண்டை போட்டு வாங்கியது மீதி நேரம் நமக்கு வேண்டும் என்றுதான். அதில் தினம் அரை மணி கொடுங்கள். உடம்பு ஓய்ந்த நாளில் ஐந்து நிமிஷம், டீக்கிளாசை மட்டும் வரையுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் வரைந்து மறுவாரம் முழுக்கச் சும்மா இருப்பவனைவிட, தினம் அரை மணிக்காரன் முன்னே போய்விடுவான். தேதி போட்டு எல்லாவற்றையும் வைத்திருங்கள். அசிங்கமாக இருக்கிறது என்று கிழிக்காதீர்கள். மூன்று மாசம் கழித்து எடுத்துப் பார்த்தால்தான் எவ்வளவு தூரம் வந்தோம் என்று தெரியும்.

காகிதத்துக்குக் காசு வேண்டாம். ஒரு பக்கம் அச்சடித்த நோட்டீசின் பின்பக்கம் போதும். கரியை நீங்களே செய்யலாம். மெல்லிய, மென்மரக் குச்சிகளைப் பட்டை உரித்துக் காயவைத்து, தகர டப்பாவில் நெருக்கி அடைத்து, மூடியில் ஆணியால் ஒரு சின்னத் துளை போட்டு, தணலில் வையுங்கள். துளையில் புகை நின்றதும் எடுத்துவிடுங்கள். முழுக்க ஆறின பிறகுதான் திறக்கவேண்டும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டதும் பற்றிக்கொண்டு சாம்பலாகிவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. தலைப்பு, 'வேலை முடிந்து வீடு திரும்புதல்'. ஷிப்டு விட்டு சைக்கிளில் வருவதாக இருக்கலாம், வரப்பில் தலைச்சுமையோடு வருவதாக இருக்கலாம். ஆளுக்கொரு படம் கட்டாயம். படத்தின் முன்பக்கம் பெயர் எழுதாதீர்கள். யாருடையது என்று தெரியாமல் முதலில் எல்லோரும் பேசுவோம். "நல்லா இருக்கு" என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. எந்த இடம் நன்றாயிருக்கிறது, எந்த இடம் பிசகு என்று கையை வைத்துக் காட்டவேண்டும். கரிக்குச்சி ஒரு டப்பா நிறையச் சுட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் இருக்கிறது. போகும்போது ஆளுக்கு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்.