ஓடும் புரோகிராமுக்குள் பிறக்கும் கிளாஸ்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம்தான், தொழிலைப் பத்திப் பேசுங்க" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். திருப்பூர் பின்னலாடைக் கம்பெனிகளுக்கு சாப்ட்வேர் எழுதுவது என் தொழில். அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர் அட்டை வெட்டி வைக்கிறாரே, அதுதான் கிளாஸ். அந்த அட்டையை வைத்து வெட்டித் தைத்து வருகிற ஒவ்வொரு பீஸும் ஆப்ஜெக்ட். சி பிளஸ் பிளஸ் படித்தவர்களுக்குத் தெரியும்: அங்கே எல்லா அட்டையும் கம்பெனி திறக்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும். புரோகிராம் ஓட ஆரம்பித்தபின் புது அட்டை கிடையாது.

அது கட்டாயம் இல்லை என்று 1970களிலேயே காட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் ஆலன் கே குழுவினர் உருவாக்கிய ஸ்மால்டாக் மொழியில், கிளாஸும் ஓர் ஆப்ஜெக்ட்தான். இருக்கிற கிளாஸுக்கு ஒரு செய்தி அனுப்பினால் அதிலிருந்து புது கிளாஸ் பிறக்கும். பைத்தானிலும் அப்படித்தான். ‘டைப்’ என்பதிடம் ஒரு பொருளைக் கொடுத்தால் அது என்ன ரகம் என்று சொல்லும். அதனிடமே பெயர், தாய் கிளாஸ்கள், உள்ளே இருக்க வேண்டியவை என்று மூன்றைக் கொடுத்தால் புது கிளாஸையே கையில் கொடுத்துவிடும். நம்ம பாஷையில் டைப்தாங்க பேட்டர்ன் மாஸ்டர்.

இது எதுக்குங்க பனியன் கம்பெனிக்கு?

ஒவ்வொரு பையரும் ஸ்டைலுக்கு ஓர் அளவு சீட்டு அனுப்புகிறார். டி-ஷர்ட் என்றால் மார்பு, உயரம், தோள், கை நீளம். குழந்தை ராம்பர் என்றால் தொடை, ஸ்னாப் பட்டன் இடைவெளி என்று பட்டியலே வேறு. ஒவ்வொரு அளவுக்கும் எவ்வளவு கூடக்குறைய விடலாம் என்ற டாலரன்ஸ் தனி. ஒருத்தர் சென்டிமீட்டரில் கேட்பார், இன்னொருத்தர் இன்ச்சில்.

நான் வேலைக்குப் போன ஓர் இடத்தில் ஸ்டைலுக்கு ஒரு கிளாஸ் என்று கையால் எழுதி வைத்திருந்தார்கள். புது ஆர்டர் வந்தால் புரோகிராமருக்குப் போன். அவர் எழுதிக் கொடுக்கும்வரை செக்கிங் அம்மாக்கள் அளவை நோட்டில் குறித்து வைப்பார்கள். மார்பு ஒரு சென்டிமீட்டர் குறைகிறது என்று கம்ப்யூட்டர் சொல்வதற்குள் அந்த லைனில் மூன்று நாள் தையல் முடிந்திருக்கும். பிரித்துத் தைத்து, தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும், செலவு நம்ம தலையில். ஒரு ஆர்டரின் லாபம் அதிலேயே போய்விடும்.

இப்போது பையரின் சீட்டையே புரோகிராம் படிக்கிறது. அதிலுள்ள அளவுப் பெயர்களையும் டாலரன்ஸையும் எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஸ்டைலுக்கு ஒரு கிளாஸ் கட்டிக்கொள்கிறது. சரிபார்க்கும் வேலை தாய் கிளாஸில் ஒரே இடத்தில் இருக்கிறது. காலையில் சீட்டு வந்தால் முதல் பீஸிலேயே தப்பு தெரிந்துவிடும்.

"இதுக்கு ஒரு டிக்‌ஷனரி போதாதா அண்ணா?" என்று எங்கள் ஆபீசில் சேர்ந்த ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. பல இடங்களில் போதும், நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் டிக்‌ஷனரியில் ‘மார்பு’ என்பதற்குப் பதில் ‘மர்பு’ என்று புரோகிராமில் அடித்தாலும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்ளும். கிளாஸ் கட்டும்போது ‘ஸ்லாட்ஸ்’ என்று அனுமதித்த பெயர்களை மட்டும் கொடுத்துவிட்டால், வேறு பெயரில் எழுதப் போனவுடனே எர்ரர் வரும். தாய் கிளாஸிலும் ஸ்லாட்ஸ் இருக்கணும், இல்லையென்றால் பூட்டு போட்டும் கதவு திறந்தே கிடக்கும். ‘மார்பு அகலம்’ என்று நடுவில் இடம் விட்ட பெயரை ஸ்லாட்ஸ் ஏற்காது, சேர்த்து எழுத வேண்டும். (பைத்தான் 3-ல் தமிழிலேயே பெயர் வைக்கலாம், வைத்துப் பாருங்கள்.)

இன்னும் சில சங்கதி. சீட்டிலுள்ள எழுத்தைச் சேர்த்து புரோகிராம் வரியாக்கி ‘எக்ஸெக்’ என்று ஓட்டிவிடாதீர்கள். வெளியிலிருந்து வருகிற எக்செல் பைலில் யார் என்ன எழுதியிருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? பிறக்கும் கிளாஸின் பெயரில் ஸ்டைல் நம்பரைச் சேர்த்துவிடுங்கள். ராத்திரி ஷிப்டில் எர்ரர் வந்தால் எந்த ஸ்டைல் என்று உடனே தெரியும். அடுத்தது சேமிப்பு. பைத்தானின் ‘பிக்கிள்’ கிளாஸை அது இருக்கும் மாட்யூலையும் பெயரையும் வைத்துத்தான் தேடும், ஓட்டத்தில் பிறந்த கிளாஸ் மறுநாள் அங்கே இருக்காது. அதனால் நாங்கள் ஸ்டைல் நம்பரையும் அளவுகளையும் மட்டும் டேட்டாபேஸில் வைக்கிறோம். திறக்கும்போது சீட்டிலிருந்து கிளாஸ் மறுபடி பிறக்கிறது.

ஜாவா படிக்கும் தங்கைகள் "எங்களுக்கு இல்லையா?" என்று பார்க்கிறார்கள். 2000-ல் வந்த ஜாவா 1.3-லேயே ‘பிராக்ஸி’ என்று ஓட்டத்தில் கிளாஸ் செய்யும் வசதி வந்துவிட்டதம்மா. ஸ்பிரிங்கில் எர்ரர் வரும்போது நீங்கள் எழுதாத ஒரு ‘பிராக்ஸி’ பெயர் நீளமாக வருமே, அது அப்படிப் பிறந்த பிள்ளைதான். பைத்தானில் 2008 முதல் இருக்கும் ‘நேம்ட்டியூப்பிள்’ செய்வதும் இதே வேலை.

பந்தி தயார் என்று செயலாளர் கை காட்டுகிறார். எங்கள் சீட்டு ஒன்றையும், அதைப் படிக்கும் நாற்பது வரி புரோகிராமையும் கொண்டுவந்திருக்கிறேன். வேண்டுகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு கம்ப்யூட்டர் லேபுக்கு வாருங்கள், ஓட்டிக் காட்டுகிறேன்.