அதிபரின் ஏடுகள் யாருக்கு உரியவை?



‘இந்த ஆண்டில் இந்தத் தலைவர் இம்முடிவை எடுத்தார்’ என்று வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். எதனால் எடுத்தார், யார் யாரைக் கலந்தார், எவருடைய எச்சரிக்கையைப் புறந்தள்ளினார் என்பவற்றை நாம் எங்கிருந்து அறிகிறோம்? அவருடைய மேசையைக் கடந்து சென்ற கடிதங்கள், குறிப்புகள், அறிக்கைகள் ஆகியவற்றிலிருந்தே அறிகிறோம். அவை மறைந்துவிட்டால், தலைவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிச் சென்றதே பெரிதும் எஞ்சும். ஆகவே, அவ்வேடுகள் யாருக்கு உரியவை என்னும் வினா சட்ட அறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று. கற்பிக்கும் நமக்கும் கற்கும் உங்களுக்கும் உரியது.

இவ்வினாவுக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகள் நெடுங்காலம் ஒரு விடையும், பின்னர் வேறொரு விடையும் தந்தன. அவ்வரலாற்றைப் புரிந்துகொள்ள மூன்று சொற்களை வேறுபடுத்திக் கொள்வோம். ஒன்று உடைமை, மற்றொன்று காவல், மூன்றாவது திறப்பு. ஒரு பெட்டி யாருடையது என்பது உடைமை. அதன் சாவி யார் கையில் உள்ளது என்பது காவல். அது எப்போது, யாருக்காகத் திறக்கப்படும் என்பது திறப்பு.

முதலில் உடைமையைக் காண்போம். முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் 1797ஆம் ஆண்டில் பதவி நீங்கியபோது தம் ஏடுகளைத் தம் இல்லத்திற்கே கொண்டு சென்றார். அதுவே மரபாயிற்று. அதிபரின் ஏடுகள் அவருடைய தனிச் சொத்து. அவருக்குப் பின் அவர்தம் வழித்தோன்றல்களின் சொத்து. இதன் விளைவு என்ன? செஸ்டர் ஆர்தர் தம் இறுதி நாள்களில் தம் ஏடுகளுள் பெரும்பகுதியை எரிக்கச் செய்தார். வாரன் ஹார்டிங் மறைந்த பின் அவருடைய துணைவியார் பல தாள்களைத் தீக்கிரையாக்கினார். ஆபிரகாம் லிங்கனின் ஏடுகள் அழியவில்லை; ஆயினும் அவருடைய மகன், தாம் இறந்து 21 ஆண்டுகள் கழியும்வரை அவற்றைத் திறக்கலாகாது என்னும் நிபந்தனையோடு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திற்கு அளித்தார். லிங்கன் கொல்லப்பட்டது 1865இல். ஏடுகள் திறக்கப்பட்டது 1947இல். 82 ஆண்டுகள் ஒரு நாட்டின் வரலாறு ஒரு குடும்பத்தின் விருப்பத்திற்காகக் காத்திருந்தது.

பிராங்கிளின் ரூஸ்வெல்ட் இம்மரபைச் சற்றே மாற்றினார். தம் ஏடுகளை அரசுக்கு அளித்து, 1941இல் திறக்கப்பட்ட நூலகத்தில் வைக்கச் செய்தார். பிற அதிபர்களும் அவ்வாறே செய்வதற்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. எனினும் அது கொடைதான், கடமையன்று. கொடுப்பவர் கொடுக்காமலும் இருக்கலாம்.

அந்த ஐயம் 1974இல் மெய்யாயிற்று. வாட்டர்கேட் விவகாரத்தால் ரிச்சர்ட் நிக்சன் அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் பதவி விலகினார். அடுத்த மாதமே அவர் அரசு அதிகாரி ஒருவரோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டார். வெள்ளை மாளிகையின் உரையாடல் ஒலிநாடாக்கள் காலப்போக்கில் அழிக்கப்படுவதற்கு அது இடமளித்தது. குற்றத்திற்குச் சான்றாக நின்றவையே அந்நாடாக்கள் என்பதை நாம் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். நாடாளுமன்றம் விழித்துக்கொண்டது. டிசம்பரில் தனிச்சட்டம் இயற்றி அவற்றை அரசின் பொறுப்பில் கொண்டுவந்தது. நிக்சன் வழக்குத் தொடுத்தார். 1977இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒருவருக்காக இயற்றிய சட்டம் எல்லார்க்கும் பொதுவாக வேண்டும் என்னும் எண்ணத்தின் விளைவே 1978ஆம் ஆண்டின் அதிபர் ஆவணச் சட்டம். 1981 சனவரி 20 முதல் பதவியேற்ற அதிபர்களுக்கு அது பொருந்தியது. ரொனால்ட் ரீகனே அவர்களுள் முதல்வர்.

அச்சட்டம் உடைமையை மாற்றியது: அலுவல் சார்ந்த ஏடுகள் நாட்டுக்குரியவை, நாட்குறிப்புப் போன்ற தனிப்பட்டவை மட்டுமே அதிபருக்குரியவை. காவலையும் அது வரையறுத்தது: பதவிக்காலம் முடிந்த கணமே பொறுப்பு தேசிய ஆவணக் காப்பாளரைச் சேரும். திறப்புக்கும் காலம் குறித்தது: ஐந்து ஆண்டுகள் கழிந்ததும் பொதுமக்கள் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் வழி ஏடுகளைக் கேட்கலாம். நாட்டுப் பாதுகாப்பு, ஆலோசகர்களோடு நிகழ்ந்த மந்தணக் கருத்துப் பரிமாற்றம் உள்ளிட்ட ஆறு வகை ஏடுகளை மட்டும் 12 ஆண்டுகள்வரை மூடிவைக்க அதிபர் கோரலாம். ஆலோசகர்கள் அச்சமின்றிப் பேச வேண்டும் என்பது இக்காலத் தடையின் நோக்கம். அந்நோக்கத்தை நாம் புறக்கணிக்க இயலாது.

ஆயினும் உடைமை மாறியதாலேயே திறப்பு கிட்டிவிடுமா? ரீகனின் 12 ஆண்டுக் காலம் 2001 சனவரியில் முடிந்தது. ஏறத்தாழ 68,000 பக்கங்கள் வெளிவரக் காத்திருந்தன. அப்போது பதவியேற்ற ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் அரசு வெளியீட்டை ஒத்திவைத்தது. அவ்வாண்டு நவம்பரில் அவர் பிறப்பித்த ஆணை, முன்னாள் அதிபர்களும் அவர்களுக்குப் பின் அவர்தம் சார்பாளர்களும் வெளியீட்டைத் தடுக்க இடமளித்தது. முன்வாயிலில் வெளியேற்றப்பட்ட பழைய மரபு பின்வாயிலில் நுழைந்தது எனலாம். 2009 சனவரியில் பராக் ஒபாமா அவ்வாணையை நீக்கினார். ஓர் ஆணை பூட்டியதை மற்றோர் ஆணை திறந்தது. வேறோர் ஆணை மீண்டும் பூட்டலாம் அல்லவா? அதனால்தான் 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி, தடை கோருவதற்கான நடைமுறையையும் காலவரம்பையும் வகுத்தது. அலுவல் செய்தியைத் தனிப்பட்ட மின்னஞ்சலில் அனுப்புவோர் 20 நாள்களுக்குள் அதன் படியை அரசுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றும் விதித்தது.

இன்னும் ஒரு குறை உண்டு. பதவியில் இருக்கும்போது எது அலுவல் ஏடு, எது தனி ஏடு என்று பிரிப்பவர் அதிபரே. ஓர் ஏட்டை அழிக்குமுன் அவர் காப்பாளரின் கருத்தை எழுத்தில் பெற வேண்டும். காப்பாளர் உடன்படாவிடில் நாடாளுமன்றத்திற்குத் தெரிவிக்கலாம். தடுத்து நிறுத்தும் ஆற்றல் அவருக்கு இல்லை. அக்காப்பாளரை நியமிப்பவரும் அதிபரே. எழுதப்படாத குறிப்பையும், எழுதியவுடன் கிழிக்கப்பட்ட தாளையும் எந்தக் காப்பகத்தாலும் மீட்டல் அரிது. ஆதலால் இச்சட்டம் பெருமளவு நேர்மையை நம்பியே நிற்கிறது.

ஆசிரியப் பெருமக்களே, இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றே. உடைமையைச் சட்டம் ஒரே நாளில் மாற்றலாம். திறப்பைக் கேட்பவர்களே நிகழ்த்துகிறார்கள். 2001இல் மூடிய பெட்டிகளுக்காகக் குரல் கொடுத்தவர்களுள், வழக்கு மன்றம்வரை சென்றவர்களுள், வரலாற்று ஆய்வாளர்களும் இருந்தனர். நம் வகுப்பறையில் ஒரு மாணவர், ‘இது எப்படித் தெரியும், ஐயா?’ என்று எழுந்து கேட்பாராயின், அவ்வினாவைத் தொல்லையாகக் கொள்ளாதிருப்போம். கேட்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.