வாய் கோணினால் வீட்டில் காத்திருக்காதீங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



இந்த மேடையில் வழக்கமா சேமிப்பு, சுழல்நிதி, வங்கிக் கடன் பத்தித்தான் பேசுவோம். என்னைப் பக்கவாதம் பற்றிப் பேசச் சொன்னார்கள். இதுவும் ஒரு வகையில் கடன் கதைதான். கை கால் விழுந்தவர் வீட்டில் ஒருத்தர் என்றால், அவரைத் தூக்கி, குளிப்பாட்டி, சோறு ஊட்ட வேண்டியதால் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போக முடியாமல் நிற்பவள் இன்னொருத்தி. அவள் பெரும்பாலும் நம்ம குழுவில் ஒருத்தியாத்தான் இருப்பாள். தவணையும் அவள்தான் கட்டணும்.

இது காத்து கருப்பு அடிச்சு வர்றது இல்லை. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் வெடிக்கும். அதிகம் பேருக்கு அடைப்புதான். கோமுகி வாய்க்காலில் மண் சரிந்து அடைத்தால் கடைசி வயல் காய்கிற மாதிரி, ரத்தம் போகாத இடம் செத்துக்கொண்டே வரும். ஒரு நிமிஷத்துக்குப் பத்தொன்பது லட்சம் மூளை செல்கள் அழியும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

எங்க அம்மா வயசுக்காரங்களுக்கு எம்.ஜி.ஆர். ஞாபகம் இருக்கும். 1984 அக்டோபரில் சிறுநீரகக் கோளாறுக்காகச் சென்னை அப்போலோவில் இருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. அமெரிக்கா வரை போய் வைத்தியம் பார்த்து, 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து முதலமைச்சராவும் ஆனார். ஆனாலும் பேச்சு பழையபடி வரலை. அந்தக் காலத்தில் பக்கவாதத்துக்கு அடைப்பைக் கரைக்கிற ஊசி கிடையாது. இப்போது இருக்கிறது. ஆனால் அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடணும். அதுக்கும் முன்னால் ஸ்கேன் எடுத்து, அடைப்பா, ரத்தக் கசிவா என்று பார்த்தாகணும். கசிவு இருந்தால் அதே ஊசி ஆளையே கொன்றுவிடும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? சிரிக்கச் சொல்லுங்க, வாய் ஒரு பக்கம் கோணுதா பாருங்க. ரெண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லுங்க, ஒண்ணு தானா கீழே இறங்குதா பாருங்க. பேரையும் ஊரையும் சொல்லச் சொல்லுங்க. நல்லா இருக்கிறவங்களுக்கே "வடக்கனந்தல்" நாக்கைச் சுத்தும், நாக்கு குழறினால் அப்பவே தெரிஞ்சிடும். திடீர்னு ஒரு கண் தெரியாமல் போறது, நடை தள்ளாடுறது, இதுவரை வராத மாதிரி மண்டை பிளக்கிற தலைவலி, இதுவும் சேர்த்திதான். "திடீர்னு" என்கிறதுதான் முக்கியம். பல பேருக்கு வலியே இருக்காது. அதனால்தான் படுத்தால் சரியாயிடும் என்று படுத்துவிடுகிறோம். பத்து நிமிஷத்தில் தானா சரியாப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகணும், அது அடுத்து பெரிசா வரப்போவதற்கு அடையாளமா இருக்கலாம்.

எங்க பக்கத்தில் ஒரு பெரியம்மாவுக்குக் காலையில் டம்ளர் கையிலிருந்து நழுவியது, பேச்சும் குழறியது. மகன் பெங்களூரிலிருந்து வரட்டும் என்று வைத்திருந்தார்கள். அதற்குள் யாரோ சொல்லி புறா ரத்தம் தடவினார்கள். மூணாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசிக்கான நேரம் எப்பவோ போயிருந்தது. இன்னொரு வீட்டில் காலேஜ் படிக்கிற பெண் அம்மா வாயைப் பார்த்ததுமே போன் போட்டாள். அந்த அக்கா இன்று கூட்டத்துக்கு நடந்து வந்திருக்கிறார், கால் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான்.

ஆம்பளைங்க வரட்டும் என்று காத்திருக்கிறது நம்ம ஊரில் பெரிய வியாதி. லட்ச ரூபாய் கடன் பத்திரத்தில் நாம கையெழுத்துப் போடுகிறோம். 108-ஐக் கூப்பிட யார் கையெழுத்தும் வேண்டாம், காசும் இல்லை. ஊர், தெரு, பக்கத்தில் என்ன கோயில் என்று சொல்லுங்க. முன்பு முண்டியம்பாக்கம், சேலம், ஜிப்மர் என்று ஓடுவோம். 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் நம்ம மாவட்டத்துக்கே அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவிட்டார்கள். வெள்ளிமலைப் பக்கத்து ஜனங்கள் வளைவு வளைவா மலை இறங்கி வரணும், அவங்க ஒரு நிமிஷம்கூட யோசிச்சு நிற்கக் கூடாது.

வண்டி வரும்வரை ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. காபி, சோடா, சர்க்கரைத் தண்ணி எதுவும் ஊத்தாதீங்க, விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போயிடும். மாத்திரையும் வேண்டாம். கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க என்று குறிச்சு வையுங்க. தூக்கத்திலிருந்து எழும்போதே வந்திருந்தால், படுத்த நேரத்தைச் சொல்லணும். டாக்டர் முதல்ல கேட்கிறது அதுதான்.

வராமல் தடுக்க முதல் வேலை பிரஷரைக் கட்டுப்படுத்துறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் வந்ததிலிருந்து நம்ம குழுப் பெண்களே வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறாங்க, மாத்திரையும் தர்றாங்க. "நார்மல் ஆயிடுச்சு"ன்னு சொல்லி அதை நிறுத்துறவங்கதான் நிறைய. மாத்திரை சாப்பிடுறதாலதான் நார்மலா இருக்கு! 140-க்கு 90-ஐத் தாண்டினால் சும்மா விடக் கூடாது. கருவாடு, ஊறுகாய் குறைங்க. வெத்தலையோட புகையிலை போடுறவங்க இங்கேயே பல பேர் இருக்கீங்க, நான் பேர் சொல்லலை.

டீ குடிச்ச பிறகு அந்த ஓர மேசையில் பிரஷர் பார்ப்பாங்க. வயசானவங்களை முதல்ல விடுங்க.