ஏற்காட்டுச் சாலையில் ஓர் இசைக்களம்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சேலத்திலிருந்து ஏற்காட்டுச் சாலை வழியே சேர்வராயன் மலைக்கு ஏறி வருவோர் ஒரு நுழைவு வளைவைக் கண்டிருப்பர். மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு அது. அதனுள் இன்று இருப்பவை குடியிருப்புகள். படத்தளம் இருந்த நிலம் மனைகளாகிவிட்டது.

1935ஆம் ஆண்டில் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய நிறுவனம் அது. முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆகிய இரண்டும் அதன் படைப்புகளே. எனினும், கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் நான் நினைவூட்ட விழைவது வேறு. அது பாட்டுக்களமாகவும் விளங்கியது. ஜி. இராமநாதன் அதன் படங்களுக்கு இசையமைத்தார். மருதகாசி 'மாயாவதி' (1949) வழியே திரைப்பாட்டுலகில் அடியெடுத்து வைத்தார். பாவேந்தர் பாரதிதாசன் 'வளையாபதி'க்கு (1952) உரையாடல் எழுதினார். 'மந்திரி குமாரி'யில் (1950) காதலியை மலையுச்சிக்கு அழைத்துச் செல்லும் பாடலைத் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடினர்.

அப்பாடல்கள் அழியவில்லையே, பின் எதை இழந்தோம் என்று கேட்கலாம். பாடல்களை இழக்கவில்லை, பாடல் பிறக்கும் இடத்தை இழந்தோம். எழுதுவோரும் இசையமைப்போரும் கருவியிசைப்போரும் மாதச் சம்பளம் பெற்று ஒரே வளாகத்தில் கூடியிருந்த வாய்ப்பு இம்மலையடிவாரத்திற்கு மீண்டும் வாய்க்கவில்லை.

நிலத்தின் விலை மட்டுமே இதற்குக் காரணமன்று. 1963இல் சுந்தரம் மறைந்தார். திரைத்தொழிலோ சென்னையில் குவிந்தது. வேலை குறைந்த களத்தைவிட வெறும் நிலம் விலைமதிப்புடையதாயிற்று.

உலகெங்கும் இதுவே நிகழ்கிறது. நியூயார்க் நகரில் புதிய இசைக்குழுக்கள் பலவற்றை வளர்த்த சி.பி.ஜி.பி. என்னும் சிற்றரங்கம் 2006இல் மூடப்பட்டது. 2008இல் அங்கே விலையுயர்ந்த ஆடையகம் ஒன்று திறக்கப்பட்டது. பழைய சுவரொட்டிகள் ஒட்டிய சுவரின் ஒரு பகுதியைக் கண்ணாடியிட்டுக் காத்தனர். அங்கே அந்தச் சுவர். இங்கே இந்த வளைவு. நினைவுச்சின்னத்தைப் போற்றுகிறோம், பாடுவோருக்கு இடமில்லை.

இம்மலைமீதும் தங்கும் விடுதிகளும் மனைப்பிரிவுகளும் பெருகுகின்றன. அவை வரட்டும், அவற்றால் பிழைப்போரும் நம்மவரே. ஆனால், பத்துப் பேர் கூடிப் பாட்டுப் படிக்க ஒரு பொதுவிடம் எஞ்சவேண்டும். பள்ளிக்கூட அரங்கு, நூலகக் கூடம், கோயில் மண்டபம் ஆகியவற்றில் பூட்டியே கிடப்பதுதான் முதலில் கைமாறும். ஆகவே நம் மாதக் கூட்டங்களை ஒரே இடத்தில் நடத்தாமல் இத்தகைய கூடங்கள்தோறும் முறைவைத்து நடத்துவோம். ஊரார் வந்து கேட்கும் கூடத்தை விற்க முனைவோர் சற்றேனும் தயங்குவர்.

இந்தப் பதினோராம் ஆண்டின் பணியாக இதனை ஏற்குமாறு வேண்டி அமைகின்றேன்.