தொட்டு ஆற்றும் தொழில்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

என் தாயார் இவ்வூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் மேசை முன் நின்றே காலம் கழித்தவர். ஒன்றரை ஷிப்டு முடித்து இரவில் திரும்பும் அவருடைய இடுப்பில் நான் தைலம் தேய்ப்பேன். அவ்வலி ஏன் வருகிறது என்று அறியும் ஆவலே என்னை இயன்முறை மருத்துவத்திற்கு, அதாவது பிசியோதெரபிக்கு, அழைத்துச் சென்றது.

பவர் டேபிளில் குனிந்து தைப்பவரின் கழுத்தும், அயர்ன் செய்பவரின் தோளும் நோவது தலைவிதியால் அன்று. ஓய்வின்றி ஒரே நிலையில் இருக்கும் தசை களைத்து இறுகுகிறது. அதனைக் கையாலும் பயிற்சியாலும் சீர்செய்வதும், மேசை உயரத்தையும் இருக்கையையும் திருத்தச் சொல்வதும் எம் பணி.

அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874இல் ஆஸ்டியோபதி என்னும் கைவழி மருத்துவத்தைத் தோற்றுவித்தார். 1892இல் அதற்கொரு கல்லூரியும் கண்டார். அங்கு அப்பட்டம் பெற்றோர் முழு மருத்துவராவர். இங்கோ நிலை வேறு. சில வாரப் பயிற்சிக்குப் பெருந்தொகை பெற்றுச் சான்றிதழ் தருவோரிடம் ஏமாறாதீர்கள். 2021ஆம் ஆண்டின் தேசியச் சட்டத்தில் இடம்பெற்றுள்ள இயன்முறை மருத்துவமே நமக்கு உறுதியான வாயில்.

நம் நாட்டில் இக்கல்வி 1953இல் பம்பாயில் தொடங்கியது. வேலூரில் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் விபத்தொன்றில் கால்கள் செயலிழந்த பின்னரும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். ஊர் தொட அஞ்சிய கைகளை அவர் தொட்டார்.

நான் பயிற்சி பெற்ற நாளில் முதியவர் ஒருவர் என் ஊரையும் தெருவையும் விசாரித்தார். விடை கேட்டதும் கையை இழுத்துக்கொண்டார். கண் கலங்கி நின்றேன். அடுத்த கட்டிலில் இருந்த மூதாட்டி, “வா கண்ணு, என் காலைப் பாரு” என்றார். அவர் நடந்து வீடு சென்ற நாளில்தான் என் தொழிலின் பெருமையை உணர்ந்தேன்.

இளைஞர்களே! மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயிலுங்கள். பட்டப் படிப்பு நான்கு ஆண்டு. அதன்மேல் உள்ளுறைப் பயிற்சி உண்டு. சென்னையிலும் திருச்சியிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. பட்டியல் இனத்தார்க்கு 18 விழுக்காடு இடங்கள். அதனுள் 3 விழுக்காடு அருந்ததியர்க்கென 2009இல் ஒதுக்கப்பட்டது. கல்வி உதவித்தொகையும் உண்டு. சேர்க்கை விதிகளை அந்தந்த ஆண்டே கேட்டறியுங்கள். கெடு தவறி இடமிழந்தோர் நம்மிடையே பலர்.

நம்மைத் தொடாதே என்றது பழைய உலகம். தொட்டு ஆற்றும் உரிமையைக் கல்வி நமக்குத் தருகிறது. அடுத்த விழாவிற்குள் நம் தெருக்களிலிருந்து பத்துப் பேரேனும் இத்துறையில் பட்டம் பெறவேண்டும். நம் தாய்மார்களின் இடுப்பு வலிக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அது.